பாலாற்றுப் பாலங்கள்: பழுது எங்கே இருக்கிறது?

ஆண்டு முழுவதும் மணலாகவே கிடக்கும் பாலாறு, 2021 நவம்பரில் கரை கொள்ளாமல் ஓடியது. நவம்பர் 19 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த நாள்களில் வந்த அந்த வெள்ளத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் சேதமடைந்தது. நவாப் வாலாஜாவின் பெயரைத் தாங்கிய அந்த ஊருக்குப் பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் வந்துபோன தென்கரைக் கிராம மக்கள், காஞ்சிபுரம் வழியாகச் சுற்றிவர வேண்டியதாயிற்று.

உடைந்ததைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உடைந்தது எப்படி என்று கேட்காமல் செய்யும் பழுதுபார்ப்பு, அடுத்த வெள்ளம் வரைதான் நிற்கும்.

தரைப்பாலம் ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும் ஒரு தாழ்வான சுவர் போன்றது. அதன் அடியிலுள்ள குழாய்களைச் செடி கொடிகளும் குப்பையும் அடைத்துக்கொண்டால், தண்ணீர் மேலே ஏறி மறுபக்கம் விழுகிறது. விழும் இடத்தில் மணல் அரிக்கப்பட்டு, அடித்தளம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு ஒரு வாகனத்தின் பாரம்கூட அதற்கு அதிகம்தான்.

இந்த அரிப்புக்கு நாமும் உதவியிருக்கிறோம். பல ஆண்டுகளாகப் பாலாற்றில் அள்ளப்பட்ட மணலால் ஆற்றின் தளம் தாழ்ந்துபோனது. தளம் தாழ்ந்தால் பாலத்தின் தூண்கள் வெளியே தெரியத் தொடங்கும். பட்டுக்குப் பெயர்போன காஞ்சிபுரம் நகரம் குடிப்பது ஓரிக்கை, திருப்பாற்கடல் பகுதிகளில் பாலாற்றுப் படுகையிலிருந்து எடுக்கும் நீரைத்தான். மணல்தான் அந்த நீரைச் சேமிக்கும் தொட்டி. ஆக மணலை விற்றவர்கள் பாலத்தின் காலையும் ஊரின் குடிநீரையும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள்.

நகரத்துக்குள் ஓடும் வேகவதியின் கதை வேறு. திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கும் இந்த ஆறு, ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் வாய்க்காலாகச் சுருங்கிவிட்டது. கரையில் குடியிருப்பவர்கள் ஏழைகள். அவர்களுக்காகக் கீழ்கதிர்பூரில் 2,112 வீடுகள் கட்டப்பட்டன. வீடு கிடைத்தால் போதுமா? நெசவாளிக்குத் தறி போட இடம் வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்குப் பேருந்து வேண்டும். பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளி வேண்டும். இவை இல்லாத இடமாற்றம் ஆற்றின் பாரத்தை ஏழையின் தோளுக்கு மாற்றுவதாகவே முடியும். அதற்காக அவர்களைக் கரையிலேயே விட்டுவைப்பதும் கருணை ஆகாது. வெள்ளம் முதலில் நுழைவது அவர்கள் வீட்டில்தான். தறிக்குழியில் தண்ணீர் நின்றால் பாவும் போகும், பல வாரக் கூலியும் போகும்.

நெதர்லாந்து இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்தது. 1995 வெள்ளத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றிய அந்த நாடு, பிறகு கரைகளை உயர்த்துவதோடு நிற்காமல் ஆற்றுக்கு இடம் விடும் திட்டத்தைத் தொடங்கியது. நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டினார்கள். சுமார் 50 வீடுகள் அதற்காக இடம் மாறின. செல்வ நாட்டின் அளவுக்கு நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆற்றை அதன் இடத்தில் ஓடவிடும் புத்திக்குப் பணம் தேவையில்லை.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஆற்றைக் கடக்கும் ஊர்களுக்கு, வெள்ளமட்டத்துக்கு மேலே, அகலமான கண்களோடு உயர்மட்டப் பாலம் வேண்டும். பாலங்களுக்கு அருகே மணல் அள்ளுவது அறவே நிற்க வேண்டும். வெள்ளம் பரவும் நிலத்தில் புதிய மனைப் பிரிவுகளுக்கு அனுமதி கூடாது. கரையிலிருந்து எழுப்பப்படும் குடும்பங்களுக்குத் தொழிலும் சேர்ந்து போக வேண்டும்.

கிராம சபையில் ‘பாலம் எப்போது?’ என்று கேட்கும் நாம், ‘மணல் எங்கே?’ என்றும் சேர்த்துக் கேட்போம். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஏரி உள்வாயிலும் ஆற்றோரத்திலும் மனை வாங்க நினைக்கும் குடும்பங்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மழைக்காலத்தில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.