கண்ணை மறைக்கலாமா காவல் கண்?

போன மாதம் எங்கள் காருக்கு டாஷ் கேமரா வாங்கி வந்தார் என் கணவர். முன் கண்ணாடியின் நட்டநடுவில், பார்வை மட்டத்திலேயே ஒட்டிவிட்டார். "பட்டனை அமுக்க வசதியா இருக்கும்மா" என்றார். நானும் தலையாட்டினேன்.

இரண்டாம் நாள் பள்ளிக்கூட வாசலில் இடப்பக்கம் திரும்புகிறேன். அந்தக் கேமராவின் மறைவிலிருந்து ஒரு சின்னப் பையன் திடீரென்று முளைத்தான்! நல்லவேளை, பிரேக் பிடித்தது. வீடு வந்து சேரும்வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே இடத்தை மாற்றினோம். உள்ளே, பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி இருக்கிறதல்லவா? அதற்குப் பின்புறம், சற்றே இடப்பக்கமாக, மேலே. ஓட்டுகிறவர் உட்கார்ந்து பார்த்தால் கேமரா பார்வையை மறைக்கக் கூடாது. ஆனால் வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் மழையில் படம் கலங்கிவிடும். மேல் ஓரத்துக் கறுப்புப் புள்ளிகளின் மேல் ஒட்டினால் சரியாகப் பிடிக்காது.

ஒயரைத் தொங்கவிடாதீர்கள். பக்கத்துத் தூணில் ஏர்பேக் உள்ள கார் என்றால், ஒயர் அதன் குறுக்கே போகவே கூடாது. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்கு, பேட்டரி வைத்ததைவிட கெபாசிட்டர் வைத்த கேமராதான் சூடு தாங்கும்.

"கேமரா இருக்கிற இடமே தெரியலையே!" என்கிறார் இவர்.

"அதுக்குத்தானே மாத்தினது!" என்றேன்.

நடந்ததற்குச் சாட்சி சொல்லத்தான் கேமரா. நடக்காமல் தடுப்பது நம் கண்கள்தானே, சகோதரிகளே!