அழுதுகொண்டு நுழைய வேண்டிய மண்ணில் ஆடம்பர விடுதியா?





உம்ரா பயணத்துடன் ‘மதாயின் ஸாலிஹ் ஜியாரத்’ என்பதையும் சேர்த்து விளம்பரம் செய்யும் வழக்கம் பயண நிறுவனங்களிடையே பரவி வருகிறது. வளைகுடாவில் பணிபுரியும் நம் குடும்பங்களும் விடுமுறை கிடைத்தால் அல்உலாவுக்குப் புறப்படுகின்றன. மதீனாவிலிருந்து சாலைவழியே 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ள அந்தப் பாலைநிலம், 2019இல் சவூதி அரசு சுற்றுலா விசா வழங்கத் தொடங்கிய பின் செல்வந்தர்களின் ஓய்விடமாகிவிட்டது. செம்பாறைகளுக்கு நடுவே வில்லாக்கள், பாறையை ஒட்டி நீச்சல் குளங்கள், விளக்கொளியில் இரவு விருந்து. ஓர் இரவுக்கு ஆயிரம் ரியாலுக்கு மேல் கட்டணம் பெறும் விடுதிகள் அங்குள்ளன. நம் சிற்றூர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் இமாமுக்கு மாதம் முழுவதற்கும் கொடுக்கப்படும் ஊதியம் அதைவிடக் குறைவு.

அங்கே செல்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. மார்க்கத் தீர்ப்பு வழங்கும் முஃப்தியும் நான் அல்லன். ஆனால் அந்த மண்ணை நம் நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு கடந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஓர் ஆசிரியன் என்ற முறையில், அங்கே இன்பம் தேடி இரவு தங்குவதை வன்மையாக மறுக்கிறேன்.

தபூக் பாதையில் நடந்தது

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு. கடும் கோடை. மதீனாவில் பேரீச்சை பழுத்து, நிழல் இனிதாயிருந்த காலம். நிழலும் கனியும் தம்மை இழுத்ததைக் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களே பின்னாளில் மனம் நொந்து கூறியிருக்கிறார்கள். வாகனமும் நீரும் போதாத அந்தப் படைக்குத் ‘துன்ப காலப் படை’ என்றே பெயர் ஏற்பட்டது. அந்தப் படை ஹிஜ்ர் என்னும் ஸமூது கூட்டத்தாரின் நிலத்தை அடைந்தது.

தாகத்தோடு வந்த தோழர்கள் அங்கிருந்த கிணறுகளில் நீர் இறைத்தார்கள், மாவும் பிசைந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த நீரைக் கொட்டிவிடவும், பிசைந்த மாவை ஒட்டகங்களுக்கு இட்டுவிடவும் கட்டளையிட்டார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து மட்டும் எடுக்கச் சொன்னார்கள். தண்டிக்கப்பட்டோரின் இருப்பிடத்துக்குள் அழுதவர்களாகவே நுழைய வேண்டும், அழுகை வராவிட்டால் நுழையவே வேண்டாம் என்று எச்சரித்தார்கள். பிறகு தலையை மூடிக்கொண்டு, அந்தப் பள்ளத்தாக்கைக் கடக்கும்வரை வேகமாகச் சென்றார்கள். இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் இச்செய்திகள் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளன.

தாகித்த படைக்கு நீரை மறுத்துவிட்டு நபியவர்கள் விரைந்து கடந்த இடம் அது. நாம் அங்கே நிதானமாக அமர்ந்து காலை உணவைச் சுவைக்க விரும்புகிறோம்!

இந்தக் கட்டளை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1326இல் டமாஸ்கஸிலிருந்து ஹஜ் கூட்டத்தோடு வந்த இப்னு பதூதா, ஹிஜ்ரின் கிணறுகளில் நீர் நிறைந்திருந்தும், எவ்வளவு தாகம் இருந்தாலும் நபிவழியைப் பேணி ஒருவரும் அதைக் குடிப்பதில்லை என்று தம் பயண நூலில் எழுதியுள்ளார். அங்கிருந்து அரைநாள் தொலைவிலுள்ள அல்உலாவில்தான் ஹாஜிகள் நான்கு நாட்கள் தங்கினர், துணி துவைத்தனர், மிகுதிப் பொருள்களை அவ்வூராரிடம் நம்பி ஒப்படைத்துச் சென்றனர். நம் முன்னோர் ஹிஜ்ரைக் கடந்தார்கள், அல்உலாவில் தங்கினார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றோ ஹிஜ்ர் தொல்லியல் வளாகத்தின் உள்ளேயே, பழைய ஹிஜாஸ் ரயில் நிலையக் கட்டடத்தை இணைத்து ஆடம்பர விடுதி எழுந்துவிட்டது.

ஸமூதின் சோதனை எது?

ஸமூது கூட்டத்தாருக்கு இறைவன் வைத்த சோதனை தண்ணீரைப் பற்றியது. ஒரு நாள் ஒட்டகத்துக்கு, ஒரு நாள் அவர்களுக்கு என்று நீர் முறை வைக்கப்பட்டது. பகிர்ந்து குடிக்க மனமில்லாதவர்கள் அந்த ஒட்டகத்தை அறுத்து அழிந்தார்கள். அவர்களிடம் கலையும் திறமையும் இருந்தன. மலையைக் குடைந்து மாளிகை அமைத்துச் செருக்கோடு வாழ்ந்ததை அஷ்ஷுஅரா அத்தியாயம் கூறுகிறது. அவர்கள் ஈட்டிய எதுவும் அவர்களைக் காக்கவில்லை என்று அல்ஹிஜ்ர் அத்தியாயம் முடிவுரைக்கிறது.

நீரைப் பகிர மறுத்து ஒரு சமுதாயம் அழிந்த நிலத்தின் அருகே, ஒரு குடும்பம் மட்டும் நீராடத் தனிக்குளம் வைத்த வில்லாவை முன்பதிவு செய்கிறோம். பிறகு அந்தப் படத்தின் கீழே ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று எழுதுகிறோம். மக்தபில் ஸமூதின் வரலாற்றை ஓதிய நம் பிள்ளை அதைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்ளும்?

மறுப்புகளும் விடைகளும்

“பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பார்க்கும்படி குர்ஆனே ஏவுகிறதே” என்பர் சிலர். உண்மை. பார்க்கச் சொல்லும் குர்ஆன் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறது: அவர்களின் முடிவை. குளக்கரையில் சாய்ந்து பாறையின் வண்ணத்தைப் பார்ப்பவர் முடிவைப் பார்ப்பதில்லை, காட்சியைப் பார்க்கிறார்.

“அவை ஸமூதின் வீடுகளே அல்ல, நபத்தேயரின் கல்லறைகள், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் அதனால்தான்” என்பர் வேறு சிலர். கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி நபத்தேயர் குடைந்த 111 பெருங்கல்லறைகள் அங்கிருப்பதாக ஆய்வாளர் கூறுவது சரியே. ஆயினும் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ர் என்னும் நிலத்தையும் அதன் நீரையும் குறித்தே எச்சரித்தார்கள். முகப்புகளை எந்தக் காலத்தார் செதுக்கினர் என்பதால் அந்த எச்சரிக்கை மாறிவிடாது. மேலும், அவை கல்லறைகள் என்றே கொள்வோம். நம் ஊர் மையவாடியில் மேசையிட்டு விருந்துண்ண நம்மில் யாருக்கு மனம் வரும்?

“பெரும்பாலான விடுதிகள் ஹிஜ்ருக்கு வெளியே, அஷார் பள்ளத்தாக்கில்தானே உள்ளன” என்பது மூன்றாவது வாதம். இதை நான் ஏற்கிறேன். அல்உலாவில் மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். ஹதீஸின் எச்சரிக்கையை அந்த வட்டாரம் முழுவதற்கும் நீட்டுவது முறையாகாது. ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் வீண்விரயம் ஆகுமாகி விடுமா? அல்லாஹ் வழங்கிய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்று கேட்கும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை எடுத்துக்காட்டுவோர், அதற்கு முந்தைய வசனம் விரயத்தைக் கண்டிப்பதையும் சேர்த்தே ஓத வேண்டும்.

பாலைவனம் கற்பிக்கும் பாடம்

பாலைவனம் நம் மார்க்கத்துக்கு அந்நியமானது அன்று. விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் ஹாஜரா (அலை) அவர்கள் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஓடியதை நினைத்துத்தான் ஒவ்வோர் உம்ராவிலும் நாம் ஓடுகிறோம். மனிதன் தன் கையில் ஒன்றுமில்லை என்று உணரும் இடம் பாலைவனம். சொகுசு விடுதி அந்த உணர்வைத்தான் முதலில் அகற்றுகிறது. வெப்பத்தையும் தாகத்தையும் அச்சத்தையும் நீக்கிவிட்டு, தனிமையை மட்டும் பொதியாகக் கட்டி விற்கிறது. ஸஃயை முடித்த கால்கள் அடுத்த நாளே அங்கே இளைப்பாறச் சென்றால், அந்த ஓட்டம் நெஞ்சுக்குள் இறங்கவில்லை என்றுதான் பொருள்.

அல்உலாவுக்குச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். புறப்படும் முன் அல்ஹிஜ்ர், அஷ்ஷுஅரா, அஷ்ஷம்ஸ் அத்தியாயங்களில் ஸமூதைப் பற்றிய பகுதிகளைப் பிள்ளைகளோடு அமர்ந்து பொருளறிந்து ஓதுங்கள். ஹிஜ்ருக்குள் உள்ளச்சத்தோடு நுழைந்து, சிரிப்பும் செல்ஃபியும் இன்றி விரைவாக வெளியேறுங்கள். தங்க வேண்டியிருந்தால் அல்உலா ஊருக்குள் எளிய இடத்தில் தங்குங்கள். இரவில் பிள்ளைகளை வெட்டவெளிக்கு அழைத்துச் சென்று, மணலில் நின்று இரண்டு ரக்அத் தொழுங்கள். அந்த வானத்துக்குக் கட்டணம் இல்லை. மிச்சமாகும் பணத்தில் உங்கள் மஹல்லாவில் கடனில் தவிக்கும் ஒரு வீட்டின் கதவைத் தட்டுங்கள். அல்லது மஸ்ஜிதுந் நபவியில் மேலும் ஒரு நாள் இருந்துவிட்டு வாருங்கள்.

படிப்பினை பெற வேண்டிய இடத்தில் படிப்பினை பெறும் உள்ளத்தை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.