தேடுவோர்க்குத் தமிழ் அகப்பட வேண்டும்

நூலக அட்டவணைகளும் அரசாங்க ஆணைகளும் கல்வெட்டுத் தொகுப்புகளும் கணினிக்குள் குடியேறிவிட்ட இக்காலத்தில், ஒரு செய்தி எங்கோ பத்திரமாக இருக்கிறது என்பதனால் மட்டும் எவருக்கும் பிரயோசனமில்லை. வேண்டியவர் வேண்டும்போது அதைத் தேடி அடைய முடிந்தால்தான், அதைச் சேமித்து வைத்த சிரமத்துக்குப் பலன் உண்டு.

செய்திகளை அட்டவணைகளாக அடுக்கிவைக்கும் தரவுத்தளங்கள், எண்ணைக் கொண்டோ தேதியைக் கொண்டோ தேடுவதில் மிகவும் சமர்த்தானவை. ஆயினும் நீண்ட உரைநடையினூடே ஒரு சொல்லைத் தேடச் சொன்னால், முதற்பதிவு தொடங்கிக் கடைசிப் பதிவு ஈறாக ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பதே அவை இயல்பாக அறிந்த மார்க்கம். ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய இருவகைக் கைப்பேசிகளிலும் இடம்பெற்றிருக்கும் எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு 2015-இல் வந்த எஃப்டிஎஸ்5 என்னும் நீட்சி, இக்குறையை அழகாக நிவர்த்தி செய்கிறது. பெரிய கிரந்தங்களின் இறுதியில் சொல்லடைவு அமைப்பதுபோல, எந்தச் சொல் எந்தப் பதிவில் வருகிறது என்பதை அது முன்னதாகவே குறித்துவைத்துக்கொள்வதால், தனியொரு தேடுபொறியை நிறுவிப் பராமரிக்கும் செலவின்றியே, சிறிய ஸ்தாபனங்களும் விரைவான தேடலைப் பெறலாம்.

இத்தகைய உபகாரமான சாதனம் தமிழுக்கு வரும்போது இடறுகிறது. வேறெதுவும் சொல்லாமல் விட்டால், யூனிகோடு 'எழுத்து' என்றும் 'எண்' என்றும் வகுத்துள்ள குறிகளையே அது பிரதானமாகச் சொல்லின் அங்கமாக ஏற்கிறது. துணைக்கால், கொம்பு, புள்ளி முதலியன வேறு வகையில் வைக்கப்பட்டிருப்பதால், அவற்றைச் சொற்களுக்கு இடைப்பட்ட வெளியாகவே பாவிக்கிறது. அதனால் 'கோயில்' என்பது க, ய, ல என மூன்று துண்டுகளாகச் சிதறுகிறது. 'பாடு' என்று தேடியவர் முன்னே 'போடு', 'பீடு' ஆகியவையும் வந்து நிற்கின்றன.

பரிகாரமோ மிக எளிது: அட்டவணையை உருவாக்கும்போதே, துணைக்குறிகளின் வகைகளையும் சேர்த்துக்கொள்ளுமாறு ஒரே வரியில் அறிவுறுத்தினால் போதும். அதன்பின் 'கோயில' என்ற முற்பகுதியைக் கொடுத்துத் தேடினால் கோயிலில், கோயிலுக்கு முதலிய ரூபங்களும் அகப்படும். 'மரம்' என்று தேடுபவருக்கு 'மரத்தில்' என்பதும் கிடைக்க வேண்டுமானால், வேற்றுமை உருபுகளையும் சாரியைகளையும் களைந்து அடிச்சொல்லைக் காணும் முறை வேண்டும்; போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2019-இல் வெளிவந்த தன் பன்னிரண்டாம் பதிப்பில் தமிழுக்கும் அத்தகைய முறையொன்றைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே, வழியில்லை என்று சொல்ல எவருக்கும் நியாயமில்லை. இருக்கும் வழியைக் கையாளும் சிரத்தைதான் குறைவாக இருக்கிறது.

பொதுமக்களின் பணத்தில் தமிழ் ஆவணங்களைக் கணினிமயமாக்கும் நூலகங்களும் அரசுத் துறைகளும், ஒப்பந்தத்திலேயே தமிழ்த் தேடலை ஒரு நிபந்தனையாக எழுதிவைக்க வேண்டும். வேலை முடிந்தது என்று கையொப்பமிடுமுன், உருபேற்ற தமிழ்ச் சொற்கள் சிலவற்றைத் தாமே தட்டித் தேடிப் பார்க்க வேண்டும். அவை அகப்படாதவரை, அந்த வேலை முடிந்ததாக ஒப்புக்கொள்ளலாகாது.