மசில் காருக்கு ஓவர்டிரைவ்: கௌரவம் பேசாதீர்கள், கணக்குப் போடுங்கள்!

அமெரிக்காவில் பழைய மசில் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ஒரே ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டால் போதும், சண்டை நிச்சயம். "இந்தக் காரை ஹைவேயில் ஓட்ட ஓவர்டிரைவ் வேண்டுமா, வேண்டாமா?" என்பதே அந்தக் கேள்வி. ஒரு கோஷ்டி, "1969-ல் கம்பெனியே போடாததைப் போட நீ யார்?" என்று சீறும். இன்னொரு கோஷ்டி, "அஞ்சாவது கியர் இல்லாததெல்லாம் ஒரு காரா?" என்று சிரிக்கும். இரண்டு கோஷ்டியுமே செய்யாத வேலை ஒன்று உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று எண்களை எழுதிப் பார்ப்பதுதான் அது!

இந்தக் கார்களைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நடுத்தர அளவுள்ள, விலை அதிகமில்லாத காருக்குள் பெரிய வி8 எஞ்சினைத் திணித்தால் கிடைப்பதுதான் மசில் கார். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ. இந்த அலையைத் தொடங்கி வைத்தது என்பார்கள். அதன் எஞ்சின் 389 கன அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 6.4 லிட்டர். பின்னாலேயே செவ்ரலே செவல் எஸ்.எஸ்., டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோட் ரன்னர் எல்லாம் வரிசை கட்டின. எல்லாவற்றின் பெருமையும் ஒன்றுதான்: கால் மைல் தூரத்தை எத்தனை நொடியில் தாண்டும்?

சிக்கலின் வேரும் இங்கேதான் இருக்கிறது. கால் மைல் என்பது வெறும் 400 மீட்டர். ஹைவே பயணமோ 300 மைல். 400 மீட்டருக்காக அமைத்த கியரை வைத்துக்கொண்டு 300 மைல் ஓட்டலாமா என்பதுதான் மொத்தப் பிரச்சினையும்.

ஓவர்டிரைவ் என்ன செய்கிறது?

அந்தக் கால மசில் கார்களில் பெரும்பாலும் நாலு கியர் மேனுவல் அல்லது மூன்று கியர் ஆட்டோமேட்டிக்தான். இரண்டிலும் டாப் கியர் 1:1. எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் போகும் ஷாஃப்டும் ஒரு சுற்று. அதற்குப் பிறகு பின் ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கரம் அந்த வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஆக்ஸில் விகிதம் 4.10 என்றால், சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சின் நாலு முறைக்கு மேல் சுற்றியாக வேண்டும். சிக்னலில் பாய்ந்து புறப்பட இது பிரமாதம். நீண்ட சாலைக்கு?

ஓவர்டிரைவ் என்பது 1:1-க்கும் கீழே இறங்கும் கியர். விகிதம் 0.70 என்றால், எஞ்சின் 70 சுற்று சுற்றும்போதே ஷாஃப்ட் 100 சுற்று சுற்றிவிடும். கார் அதே வேகத்தில் போகும்; எஞ்சின் மட்டும் நிதானமாகிவிடும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. கியர் வைத்த சைக்கிளில் சமதரையில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டு மெதுவாக மிதிப்பதும் இதுவேதான்.

அந்த மூன்று எண்கள்

மைல் கணக்கில் வேகம், ஆக்ஸில் விகிதம், அங்குலக் கணக்கில் டயரின் விட்டம். முதல் இரண்டையும் பெருக்கி, அதை 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் வகுத்தால், டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பது வந்துவிடும். 336 எங்கிருந்து வந்தது? ஒரு மைலை அங்குலமாக்கி, ஒரு மணியை நிமிடமாக்கி, பையால் வகுத்தால் வருவதுதான். பத்தாம் வகுப்புக் கணக்கு!

வேகம் 70 மைல் (சுமார் 112 கிலோமீட்டர்), டயர் 26 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.

ஆக்ஸில் 2.73 என்றால்: சுமார் 2,470 சுற்று.
ஆக்ஸில் 3.08 என்றால்: சுமார் 2,790 சுற்று.
ஆக்ஸில் 3.55 என்றால்: சுமார் 3,210 சுற்று.
ஆக்ஸில் 4.10 என்றால்: சுமார் 3,710 சுற்று.

பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் டார்க் கன்வர்ட்டர் வழுக்குவதால் இதற்கு மேலும் கொஞ்சம் கூடும்.

இப்போது அந்த 4.10 காருக்கு 0.70 ஓவர்டிரைவைக் கொடுத்துப் பாருங்கள். 3,710 என்பது 2,600-க்கு இறங்கிவிடுகிறது. 300 மைல் பயணத்தில் ஓவர்டிரைவ் இல்லாத எஞ்சின் ஏறக்குறைய 9,54,000 சுற்று சுற்றுகிறது. ஓவர்டிரைவ் இருந்தால் சுமார் 6,68,000 சுற்று. ஒரே பயணத்தில் 2,86,000 சுற்று மிச்சம். அத்தனை முறை பிஸ்டன் ஏறி இறங்க வேண்டாம், அத்தனை உராய்வு வேண்டாம், அந்த உராய்வுக்குத் தீனியாக எரியும் பெட்ரோலும் வேண்டாம்.

"அசல் கெட்டுவிடும்" என்பவர்களுக்கு

எதிர்ப்பவர்களின் பெரிய ஆயுதம் "அசல்" என்ற சொல். தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிற்சாலை என்ன செய்தது?

காரை ஆர்டர் செய்யும்போதே ஆக்ஸில் விகிதத்தை வாங்குபவரே தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்திருந்தது. பிளிமத்தில் "சூப்பர் டிராக் பேக்" என்று கேட்டால் 4.10 ஆக்ஸில் வரும். ஃபோர்டு மஸ்டாங்கில் "டிராக் பேக்" என்று கேட்டால் 3.91 அல்லது 4.30 வரும். பந்தயத்துக்குப் போகிறவருக்கு ஒன்று, ஊர் சுற்றுகிறவருக்கு இன்னொன்று. அதாவது, எப்படி ஓட்டப் போகிறாயோ அதற்கேற்ற கியரைப் போட்டுக்கொள் என்று சொன்னதே தொழிற்சாலைதான்! 1969-ல் ஒருவர் தன் ஓட்டத்துக்கேற்பக் கியரைத் தேர்ந்தெடுத்தால் அது அசல். இன்று இன்னொருவர் தன் ஓட்டத்துக்கேற்பத் தேர்ந்தெடுத்தால் அது துரோகம். இது என்ன நியாயம்?

அடுத்து, ஓவர்டிரைவ் ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்பது போன்ற பேச்சு. கிரைஸ்லரின் ஏர்ஃப்ளோ கார்களில் 1934-லேயே ஓவர்டிரைவ் இருந்தது. 1955-ல் செவ்ரலேயிலும் ஃபோர்டு தண்டர்பேர்டிலும் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் டிரையம்ஃப், எம்.ஜி., வோல்வோ கார்களில் லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் சர்வ சாதாரணம். மசில் காரை விட ஓவர்டிரைவ் மூத்தது! மசில் கார்களில் அதைக் காணோம் என்றால் காரணம் தத்துவம் அல்ல, வியாபாரம். பெட்ரோல் மலிவாக இருந்தது; கால் மைல் நேரம்தான் காரை விற்றது; நீண்ட பயணத்தின் நிம்மதி விளம்பரத்தில் எடுபடவில்லை.

பெட்ரோல் விலை ஏறியதும் என்ன நடந்தது? 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. 1974-ல் நாடு முழுவதும் வேக வரம்பு 55 மைலாக இறங்கியது. 1975-ல் கார்களின் சராசரி மைலேஜுக்குச் சட்டம் வந்தது. உடனே அதே கம்பெனிகள் ஓவர்டிரைவைத் தேடி ஓடின. கிரைஸ்லர் செய்தது இன்னும் வேடிக்கை. மசில் கார்களில் புகழ்பெற்ற தன்னுடைய ஏ833 நாலு கியர் பெட்டியையே எடுத்து, உள்ளே பல்சக்கரங்களை மாற்றி, டாப் கியரை 0.73 ஓவர்டிரைவ் ஆக்கி, 1976-ன் ஃபெதர் டஸ்டர் காரில் போட்டது. ஃபோர்டின் ஓவர்டிரைவ் ஆட்டோமேட்டிக் 1980-ல் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் 200-4ஆர் 1981-லும் 700ஆர்4 1982-லும் வந்தன. 2010 மாடலாகத் திரும்பி வந்த கமாரோவின் ஆறு கியர் மேனுவலில் ஆறாவது கியர் ஓவர்டிரைவ்தான். கம்பெனிக்கே இல்லாத வைராக்கியம் காரின் சொந்தக்காரருக்கு எதற்கு?

"எஞ்சின் தாங்கும் சாமி!"

அடுத்த வாதம் இது. உண்மைதான், தாங்கும். நல்ல நிலையில் இருக்கும் வி8 எஞ்சின் 3,700 சுற்றில் மணிக்கணக்காக ஓடினாலும் வெடித்துவிடாது. ஓவர்டிரைவ் விற்பவர்கள் எஞ்சின் செத்துவிடும் என்று பயமுறுத்துவது மிகை.

ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதர் தாங்குவாரா? ஒலித்தடுப்பு என்பதே பெயருக்குத்தான் இருக்கும் கார், சத்தமான சைலன்சர், 3,700 சுற்று இரைச்சல், நாலு மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். இறங்கிய பிறகும் காதில் ரீங்காரம். அடுத்த முறை நீண்ட பயணம் என்றால் வீட்டில் எல்லோரும் என்ன சொல்வார்கள்? "அந்தக் கார் வேண்டாம், வேற காரை எடு!"

உண்மையான நஷ்டம் இதுதான். பெட்ரோல் காசு கூட இரண்டாம்பட்சம். ஓட்டச் சுகமில்லாத கார் மெல்ல மெல்ல ஓடாத காராகிறது. ஷெட்டில் நிற்கும், போர்வை போர்த்துவார்கள், டயர் தட்டையாகும், கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகும், ரப்பர் சீல் வெடிக்கும். ஐம்பது அறுபது வருடம் தாண்டி வந்த இயந்திரம் "அசல்" என்ற பெயரில் சிலையாகிவிடும். இது காரைக் காப்பாற்றுவதா?

இதற்கு நடுவில் வேகமும் கூடிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த 55 மைல் வரம்பு 1987-ல் கிராமப்புற இன்டர்ஸ்டேட்களில் 65 ஆனது. 1995-ல் தேசிய வரம்பே நீக்கப்பட்டது. டெக்சாஸின் 130-ம் எண் நெடுஞ்சாலையில் ஒரு பகுதியில் 2012 முதல் 85 மைல் வரை போகலாம். 4.10 ஆக்ஸிலோடு அங்கே ஓட்டினால் 4,500 சுற்று! பின்னால் லாரி முட்டிக்கொண்டு வரும்போது "எங்கள் அசல் கார் 60-க்கு மேல் போகாது" என்று யாரிடம் போய்ச் சொல்வது?

"அப்படியானால் ஆக்ஸிலை மட்டும் மாற்றேன், செலவு குறைவு" என்பார்கள். மாற்றலாம். ஆனால் விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். செவ்ரலேயின் மன்சி எம்21 கியர்பாக்ஸில் முதல் கியர் 2.20. அது 4.10 ஆக்ஸிலோடு சேர்ந்தால் 9.02. ஆக்ஸிலை 2.73 ஆக்கினால் வெறும் 6.0. புறப்படும்போது சக்கரத்துக்குப் போகும் இழுவையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மசில் காரில் மசிலை எடுத்துவிட்டு மிச்சம் எதை வைத்துக்கொள்வது? பாய்ச்சலும் நிதானமும் இரண்டும் வேண்டும் என்றால் வழி ஓவர்டிரைவ்தான்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் "டிராக் வீக்" பந்தயத்தைப் பார்க்கட்டும். 2005-ல் தொடங்கிய இதில், ஒரு வாரத்தில் வெவ்வேறு ஊர்களில் கால் மைல் ஓட்ட வேண்டும். ஊருக்கு ஊர் அதே காரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், மொத்தம் ஆயிரம் மைல் அளவுக்கு. இதில் ஓடும் கார்களில் பல, கியர்பாக்ஸுக்குப் பின்னால் பொருத்தும் 0.78 ஓவர்டிரைவ் பெட்டியோடு வருகின்றன. இவர்களை விட வேகத்தை மதிப்பவர்கள் யார்?

எல்லோருக்குமா? இல்லை!

இங்கேதான் இரண்டாவது கோஷ்டிக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டியிருக்கிறது. மேலே உள்ள பட்டியலை மறுபடி பாருங்கள். 2.73 ஆக்ஸில் கார் ஓவர்டிரைவ் இல்லாமலே 2,470 சுற்றில் போகிறது. 4.10 கார் அத்தனை ஆயிரம் டாலர் கொட்டி எட்டும் இடம் 2,600! அந்த 2.73 காருக்கு 0.70 ஓவர்டிரைவ் போட்டால் எஞ்சின் 1,730-க்கு இறங்கிவிடும். பெரிய கேம் ஷாஃப்ட் போட்ட எஞ்சின் அந்தச் சுற்றில் திணறும், சின்ன மேட்டுக்கே கியரைக் குறைக்க வேண்டி வரும். காசைக் கொடுத்துத் தலைவலியை வாங்குவது என்பது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு தெரு சுற்றிவிட்டு வீடு திரும்பும் காருக்கும் இது தேவையில்லை. ஏலத்தில் கோடிகளுக்குப் போகும் கார்களுக்கும் தேவையில்லை. 2014-ல் 1971-ஆம் வருட ஹெமி குடா கன்வர்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதை யாரும் இன்டர்ஸ்டேட்டில் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகப் போவதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

பொருத்துவதிலும் கண்மூடித்தனம் கூடாது. 700ஆர்4-ல் கார்புரேட்டரிலிருந்து போகும் திராட்டில் கேபிளைச் சரியாக அமைக்காவிட்டால் கியர்பாக்ஸ் சீக்கிரமே எரிந்துபோகும். ஐந்து கியர் மேனுவல் பெட்டிக்குச் சில கார்களில் தரைத் தகட்டை வெட்ட வேண்டியிருக்கும். வெட்ட மனமில்லாதவர்கள் வெட்டாமல் பொருந்தும் பெட்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கழற்றிய பழைய கியர்பாக்ஸை எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்தால், நாளைக்கே விற்க நினைத்தாலும் திரும்ப மாட்டிவிடலாம். அசல் எங்கும் ஓடிப்போகாது, அலமாரியில்தான் இருக்கும்.

ஆகவே முடிவு எளிது. 70 மைல் வேகத்தில் 3,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறதா? அடிக்கடி நீண்ட பயணம் போவதுண்டா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் தயங்காமல் ஓவர்டிரைவைப் போடுங்கள். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கௌரவத்துக்கு இதில் வேலையே இல்லை. இந்தக் கார்களைச் செய்தவர்கள் ஓட்டுவதற்காகத்தான் செய்தார்கள், போர்வை போர்த்தி வைப்பதற்காக அல்ல!