ஊரார் வானொலிக்கு ஊர்ச்செய்தி ஆகாதா?

ஊரில் நிகழ்வதை ஊரார் தமக்குள் பேசிக்கொள்வது இயல்பு. தேநீர்க் கடையிலும் சந்தையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் அப்பேச்சுக்குத் தடையில்லை. செய்தித்தாளில் அச்சிடவும் தடையில்லை. ஆனால் அதே ஊரார் நடத்தும் வானொலியில் அதனைச் செய்தியாக வாசிக்கலாகாது என்பதே நம் நாட்டு விதி. இவ்விதி மறுசிந்தனைக்கு உரியது என்பது நம் கருத்து.

வானலை எவருடைய தனியுடைமையும் அன்று. அது பொதுமக்களின் சொத்து என 1995ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் பின்னரே சமுதாய வானொலிக்கு வழி பிறந்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க நடுவணரசு முன்வந்தது. 2004 பிப்ரவரி முதல் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2024இல் இத்தகைய நிலையங்கள் நாடெங்கும் ஏறத்தாழ 500 ஆயின.

இவ்வானொலியின் குரல் நெடுந்தொலைவு செல்வதன்று. 100 வாட் அளவிலான ஆற்றலில், சுற்றுப்புறத்துப் பத்துக் கிலோமீட்டர் அளவிற்கே அது கேட்கும். அதுவே அதன் சிறப்பு எனலாம். தலைநகர் வானொலிக்கு எட்டாத செவிகளை அது எட்டுகிறது. தெலங்கானாவின் சாகிராபாத் வட்டாரத்தில் 2008இல் தொடங்கிய சங்கம் வானொலியைத் தலித் பெண்கள் நடத்தினர். விதையும் சிறுதானியமும் அங்கே அவர்தம் சொந்தப் பேச்சில் ஒலித்தன. அரியானாவில் மேவ் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் மேவாத்துப் பகுதியில் 2010இல் ரேடியோ மேவாத் எழுந்தது. நம் பாம்பனில் 2016இல் தோன்றிய கடல் ஓசை, மீனவர்க்குரிய தனி வானொலியாக அமைந்தது. பண்பாட்டுக்கும் சமுதாய நலனுக்கும் இவை ஆற்றிய தொண்டு பாராட்டுக்குரியது.

எனினும் செய்தி என்றவுடன் இவற்றின் வாய் கட்டப்படுகிறது. அகில இந்திய வானொலியின் செய்தியை உள்ளவாறே அஞ்சல் செய்யலாம். வட்டார மொழியில் பெயர்த்தும் சொல்லலாம். வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கும், குடிநீர், மின்சாரம் பற்றி உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளுக்கும் இசைவு உண்டு. அதற்கப்பால் நிலையத்தார் தாமே திரட்டிய செய்தியை வாசிக்க இயலாது. நாளை குடிநீர் வாராது என நிர்வாகம் சொன்னால் அறிவிக்கலாம். பத்து நாளாக ஏன் வரவில்லை என நிலையத்தார் வினவியறிந்ததைச் செய்தியாக்கலாகாது. கேட்பவனுக்கு இவ்விரண்டில் எது மிகுதியும் தேவை?

இத்தடைக்குக் காரணம் கூறுவோர் உளர். வானொலியால் பகைமை மூளும் என்பர். 1994இல் ருவாண்டா நாட்டில் ஒரு தனியார் வானொலி இனப்படுகொலையைத் தூண்டியதை நாம் மறக்கவில்லை. அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அதற்கு மருந்து செய்தியையே ஒழிப்பதாகுமா? வெறுப்புரையைத் தண்டிக்கச் சட்டம் உண்டு. ஒலிபரப்பு நெறிமுறை உண்டு. தவறினால் உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமும் அரசிடம் உண்டு. இன்று வதந்தி கைப்பேசி வழியே பெயரும் முகவரியுமின்றிப் பரவுகிறது. ஊர் வானொலியில் பேசுபவரோ மறுநாள் அதே தெருவில் நடந்தாக வேண்டியவர். பொய்யுரைத்தால் ஊர் கேட்கும். பொய்யை மறுக்க ஊருக்குள் ஒரு நம்பகமான குரல் வேண்டாவா?

அண்டை நாடாகிய நேபாளத்தைக் காண்போம். அங்கே 1997இல் ரேடியோ சாகர்மாதா தொடங்கியது. அங்குள்ள சமுதாய வானொலிகள் செய்தியும் நடப்புக் கருத்தும் ஒலிபரப்பி வருகின்றன. அண்டை வீட்டில் இயல்வது நம் வீட்டில் ஏன் இயலாது? இத்தடையை எதிர்த்து 2013இல் நம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடுக்கப்பட்டது. எடுத்த எடுப்பிலேயே முழு உரிமை தர அரசு தயங்கினால், ஊராட்சி, பள்ளி, மருத்துவமனை, விளைபொருள் விலை ஆகிய ஊர்ச்செய்திகளுக்கேனும் முதலில் இசைவு தரலாம்.

உரிமை வேண்டுவோர் தகுதியும் தேடல் வேண்டும். இங்கேதான் தமிழ் பயிலும் மாணவர்க்குக் கடமை காத்திருக்கிறது. செய்தியை இருபுறமும் விசாரித்துத் தெளிதல், கண்டதையும் கேட்டதையும் பிரித்தறிதல், முதியவருக்கும் விளங்கும் எளிய சொல்லில் எழுதுதல், பிழையற ஒலித்தல் ஆகியவை ஒருநாளில் வருவன அல்ல. வகுப்பறையிலேயே இப்பயிற்சி தொடங்கட்டும். ஊர்ப்பெரியோரும் தம்மைக் குறித்த நேர்மையான வினாக்களுக்கு முகம் சுளியாது விடையளிக்கப் பழகுதல் நன்று. வினாவைப் பொறுக்கும் ஊரில்தான் செய்தி வாழும்.

வானலை மக்களுடையது எனத் தீர்ப்புரைத்தாயிற்று. அவ்வலையில் மக்கள் தம் ஊர் நிலையைத் தாமே எடுத்துரைக்கும்போதுதான் அத்தீர்ப்பு நிறைவுறும்.