மூன்றாம் நாள் காலை

கிளம்புவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பாஸ்போர்ட், டிக்கெட், மகன் வாங்கிக் கொடுத்த சக்கரம் வைத்த பெட்டி, மகள் எழுதிக் கொடுத்த மாத்திரைப் பட்டியல், விமான நிலையத்தில் ஒரு புகைப்படம். முதல் இரண்டு நாட்கள் புதுமையிலேயே ஓடிவிடும். அறுபதைத் தாண்டிய ஒருவர் தனியாக வெளிநாடு போகும்போது சங்கடம் ஆரம்பமாவது மூன்றாம் நாள் காலையில்தான். வழக்கம்போல ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. பேப்பர் இல்லை. காபி போட்டுக் கொடுக்க ஆளில்லை; பெண்ணாக இருந்தால், காபி போட்டுக் கொடுக்க வேண்டிய ஆளில்லை. நாற்பது வருடம் மற்றவர்களின் கடிகாரப்படி ஓடியவர் முன்னால் ஒரு முழு நாள் காலியாகக் கிடக்கிறது. பேசாமல் ஊர் திரும்பிவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்ப்பது அப்போதுதான்.

இந்தியாவில் வயதானவர்களின் வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் இரண்டு வகை. சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு பத்து நாளில் ஏழு நகரங்களைப் பார்த்துவிட்டு வரும் குழுச் சுற்றுலா ஒன்று. பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நியூஜெர்சிக்கோ மெல்பர்னுக்கோ போய் ஆறு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. தன் பணத்தில், சிக்கனமாக, தனியாக ஒரு மாதம் எங்காவது போய் இருப்பது என்ற மூன்றாவது வகைக்கு வீட்டில் அனுமதி கிடைப்பது லேசில்லை. "இந்த வயதில் என்ன அவசரம்?" என்பார்கள். இந்த வயதில்தானே அவசரம்.

அனுமதி கேட்காமலே போனவர்களும் உண்டு. வியன்னாவைச் சேர்ந்த ஈடா ஃபைஃபர் தன் இரு மகன்களும் வளர்ந்து ஆளான பிறகு, 1842 மார்ச்சில், 44 வயதில் தனியாகப் புறப்பட்டார். கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொன்னார். போனது ஜெருசலேமுக்கும் எகிப்துக்கும். போவதற்கு முன்பு உயிலை எழுதி வைத்துவிட்டார். கையில் பணம் அதிகம் கிடையாது. பயணக் குறிப்புகளைப் புத்தகமாக்கி, அதில் வந்த பணத்தில் 1845ல் ஐஸ்லாந்து போனார். 1846ல் தொடங்கிய உலகப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தாவில் இறங்கி, காசி, டெல்லி வழியாக மாட்டு வண்டியில் பம்பாய் வரை போனார். 1857ல் மடகாஸ்கரில் தொற்றிய காய்ச்சல் அவரை விடவில்லை. மறு வருடம் வியன்னாவில் இறந்தபோது வயது 61. வீட்டார் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்று அந்த அளவு துணிச்சல் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு ஊரில் தங்கும் பொறுமை. இளைஞர்கள் பத்து நாள் லீவில் ஆறு ஊர் ஓடுவார்கள். காசு கரைவது அந்த டிக்கெட்டுகளில். ஓய்வுபெற்றவரிடம் பணம் குறைவாக இருக்கலாம், நாட்கள் ஏராளம். தாய்லாந்தின் சியாங் மாய் இதற்குப் பொருத்தமான ஊர்களில் ஒன்று. பாங்காக்கிலிருந்து இரவு ரயில் இருக்கிறது. கீழ் பெர்த்துக்குக் கட்டணம் கொஞ்சம் அதிகம், ஆனால் மேல் பெர்த்தைவிட அகலமானது. ரயிலில் கீழ் பெர்த்துக்காக எதிர் சீட்டுக்காரரிடம் கெஞ்சிப் பழகிய இந்தியருக்கு, காசு கொடுத்தால் அது கிடைத்துவிடும் என்பதே ஒரு சுகம். பழைய நகரம் சதுரமான அகழிக்குள் அடங்கியது. ஒரு பக்கம் ஒன்றரை கிலோமீட்டர் போல இருக்கும். மேடு பள்ளம் இல்லை. தெருவுக்குத் தெரு புத்தர் கோயில், உட்கார நிழல். நாள் வாடகையோடு ஒப்பிட்டால் மாத வாடகைக்கு அறை எடுப்பது வெகு மலிவு.

சைவர்களுக்கு ஒரு சங்கடம். மீன் சாறு இல்லாத தாய்ச் சமையலைக் காண்பது அரிது. மஞ்சள் பலகையில் சிவப்பாக, தூரத்திலிருந்து பார்த்தால் '17' போலத் தெரியும் தாய் எழுத்துகள் இருக்கும் கடையைத் தேட வேண்டும். 'ஜே' என்று படிக்க வேண்டும். அங்கே மீனும் இல்லை, முட்டையும் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. தயிரும் இருக்காது, அதை ஊருக்கு வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களிலும் காடுகளிலும் வைக்கும் தீயின் புகை ஊரை மூடிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் போகவே கூடாது.

சிக்கனம் என்று ஹாஸ்டல் கட்டிலில் பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள், இரவில் இரண்டு முறை எழுந்திருக்கும் வயதில் இருட்டில் ஏணி இறங்கிப் பார்க்கட்டும். சில ஹாஸ்டல்களில் வயது வரம்பும் உண்டு. தரைத் தளத்தில், குளியலறை உள்ள சின்ன அறைதான் சரி. அதற்கு ஆகும் அதிகச் செலவை ஒரு ஊர் குறைத்துக்கொண்டு ஈடுகட்டலாம்.

காப்பீட்டிலும் கை வைக்கக் கூடாது. பயணக் காப்பீடுகள் பலவற்றில் 'ஏற்கெனவே உள்ள நோய்'க்கு இடமில்லை, அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும் ஓரளவு இடம். பிரீமியம் ஏறுமே என்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மறைத்துப் படிவம் நிரப்புகிறவர், தானே தன் கிளெய்மை நிராகரித்துக்கொள்கிறார். அந்த ஆஸ்பத்திரி பில் வந்து விழுவது எந்த மகன் போக வேண்டாம் என்றாரோ அவர் தலையில். மருந்துச் சீட்டில் மாத்திரையின் வியாபாரப் பெயர் மட்டும் இருந்தால் வெளியூர்க் கடைக்காரருக்குப் புரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். விமானத்தின் சரக்கறையில் அது உறைந்துவிடலாம். இங்கே சாதாரணமாகத் தெரியும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிராமடாலும் வளைகுடா நாடுகளில் தொல்லையில் மாட்டிவிடும்.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால் திட்டத்தை மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி நோயாளித் தாயைக் கவனித்துக்கொண்டே முப்பது வயது வரை வீட்டில் கிடந்தவர். தாய் இறந்ததும் 1963ல் சைக்கிளிலேயே டெல்லி வந்து சேர்ந்தார். 2002ல், எழுபது வயதில், ரஷ்யாவின் தூரக்கிழக்கில் சைக்கிள் ஓட்டப் போன இடத்தில் காலில் அடிபட்டது. ஊர் திரும்பவில்லை. ரயிலிலும் படகிலும் சைபீரியாவைச் சுற்றிவிட்டு அதையே ஒரு புத்தகமாக எழுதினார். 2022ல் தொண்ணூறாவது வயதில் காலமானார்.

ஓய்வூதியக்காரர்களுக்கு இன்னொரு விஷயம்: நவம்பர். அது லைஃப் சர்டிபிகேட் மாதம். உயிரோடு இருப்பதை இணையம் வழியாக நிரூபிக்கும் வசதி 2014ல் வந்துவிட்டாலும், புறப்படும் முன்பே அதற்கு வழி செய்துகொள்வது நல்லது. வங்கி அனுப்பும் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் இல்லாத சிம்மோடு போனால் சொந்தப் பணத்தையே வெளியில் நின்று பார்க்க வேண்டியதுதான்.

இனி அந்த மூன்றாம் நாள் காலை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அதற்கு உதவாது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே கடைக்குப் போவது உதவும். காய்கறிச் சந்தையை ஒட்டிய கடையில் முதல் நாள் விரலைக் காட்டிக் காபி கேட்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் கேட்காமலே கண்ணாடி டம்ளர் வந்துவிடும், சர்க்கரை இல்லாமல். அதைக் குடித்துவிட்டு வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பலாம். தினம் காலை எட்டு மணிக்கு ஒன்று. மதியம் வரை வராவிட்டால் மட்டும் கவலைப்படுவது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால், நாளுக்கு நாலு போன் வருவது நிற்கும். சியாங் மாயில் எட்டு மணி என்றால் இந்தியாவில் ஆறரை. மகன் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்.