மணிமேகலை எங்கே போனாள்?

2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் ஒரு ஞாயிறு மாலை. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம். காலி வீதியில் ஏறி வெள்ளவத்தை வந்து சேரும்வரை என் தங்கையின் மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. படம் அவளை உருக்கிவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டேன். வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போதுதான் வெடித்தாள்.

"மாமா, மணிமேகலை எங்க?"

கேள்வி நியாயமானது. கடம்பூர் மாளிகை இருக்கிறது. சம்புவரையர் இருக்கிறார். கந்தமாறன் இருக்கிறான். அவனுடைய தங்கை மணிமேகலையை மட்டும் காணவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தன் கணினித் திரையிலேயே வாசித்து முடித்த பிள்ளை அவள். மதுரைத் திட்டத்தின் இணையப் பிரதியை மூன்று மாதங்கள் இரவிரவாக வாசித்தவள். முதற்பாகம் வந்த 2022 செப்டெம்பரில், மின்வெட்டும் எரிபொருள் ஒதுக்கீடும் நாட்டை வாட்டிக்கொண்டிருந்த நாட்களிலும், முதல் வாரமே பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்து எங்களை இழுத்துச் சென்றவள். அவளுடைய கோபத்தை இளவயதுத் துடுக்கென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

அன்றிரவு குற்றப்பத்திரிகை நீண்டது. சேந்தன் அமுதனுக்கு என்ன நடந்தது? கரிகாலன் தன் சாவைத் தானே தேடிக்கொண்டால் 'யார் கொன்றார்கள்' என்ற மர்மம் எங்கே? பூங்குழலியின் கதையை யார் முடித்துவைப்பது? ஏறத்தாழ இதே பட்டியலைத் தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் அந்நாட்களில் கேட்க முடிந்தது.

இது நமக்கு மட்டும் வந்த நோயன்று. ஜோர்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் மாயாஜால நாவல் வரிசையை எச்.பி.ஓ. நிறுவனம் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' என்ற பெயரில் 2011 முதல் தொலைக்காட்சித் தொடராக்கியது. ஐந்தாவது புத்தகம் அதே ஆண்டில் வந்தது. ஆறாவது வருமுன்னரே தொடர் கதையை முந்திக்கொண்டு ஓடி, 2019 மே 19 ஆந் திகதி முடிவுற்றது. அந்த முடிவைச் சகிக்காத இரசிகர்கள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர், கடைசிப் பருவத்தை மீண்டும் எடுக்க வேண்டுமென்று மனுவில் ஒப்பமிட்டனர். அவ்வேளை நான் சிரித்தேன். ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக மனுப்போடும் அளவுக்கு மனிதருக்கு வேலையில்லாமற் போய்விட்டதே என்று பத்திரிகை அலுவலகத்தில் கேலி பேசியதும் நினைவிருக்கிறது. நான்கு வருடங்களின் பின் என் வீட்டு விறாந்தையிலேயே அந்த மனு வந்து நின்றது.

கல்கியின் நாவல் 1950 ஒக்டோபர் முதல் 1954 மே வரை, மூன்றரை வருடங்கள் 'கல்கி' இதழில் வாராவாரம் வெளிவந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். எம்.ஜி.ஆர். 1958 இல் உரிமை வாங்கி வைத்திருந்தும் எடுக்க முடியவில்லை. கமல்ஹாசனும் முயன்றார். மணிரத்னமே இடையில் முயன்று கைவிட்டு, மீண்டும் எழுந்துதான் இதனை நிறைவேற்றினார். இரண்டு படங்களையும் சேர்த்தால் ஐந்தரை மணித்தியாலம். 293 அத்தியாயங்களை அதற்குள் அடக்குவதாயின் ஓர் அத்தியாயத்திற்கு ஒரு நிமிடமும் சில விநாடிகளுமே கிடைக்கும். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கைப் பார்த்தபடி வந்தியத்தேவன் குதிரையில் வருவதை வாசிக்கவே அதைவிடப் பன்மடங்கு நேரம் வேண்டும். ஆகவே வெட்டாமல் எடுத்திருக்கலாம் என்று சொல்வோரின் வாதத்தை நான் ஏற்கவில்லை.

மாற்றாமல் எடுத்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. காரணம், கல்கியே பெரிய மாற்றக்காரர். ஆதித்த கரிகாலனின் கொலை வரலாற்றில் உண்மை. காட்டுமன்னார்கோவிலுக்கு அண்மையிலுள்ள உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசன் காலத்தில் அக்கொலையில் சம்பந்தப்பட்டோரின் உறவினர் நிலங்கள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. இரவிதாசனின் பெயர் அதிலே இருக்கிறது. நந்தினியின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவள் கல்கியின் கற்பனையிற் பிறந்தவள். பூங்குழலியும் அப்படியே. ஆழ்வார்க்கடியானும் அப்படியே. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரையில் நோயுற்ற அருள்மொழிவர்மர் ஒளித்து வைக்கப்படுகிறார் அல்லவா? அந்த விகாரை எழுந்ததே அருள்மொழி இராசராசனாகி அரியணையில் அமர்ந்த பின்னர், 1006 அளவில்தான்.

இலங்கை வாசகனுக்கு இன்னும் நெருடலான ஓரிடமும் உண்டு. நாவலின் இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' பெரும்பாலும் நம் மண்ணில் நிகழ்வது. மாதோட்டம், தம்பள்ளை, அனுராதபுரம் என்று நாம் பஸ்ஸில் கடக்கும் ஊர்களினூடே கதை நகர்கிறது. அங்கே வரும் இளவரசர் இடிந்த விகாரைகளைச் செப்பனிடுகிறார். பிக்குமார் இரகசியமாகக் கொடுக்க முன்வந்த இலங்கைச் சிம்மாசனத்தையும் வேண்டாமென்கிறார். வரலாற்றிலோ அதே இளவரசர் அரசரான பின்பு, 993 அளவில் சோழர்படை அனுராதபுரத்தை வீழ்த்தியது. பொலன்னறுவை சோழரின் தலைநகரானது. விகாரைகள் சூறையாடப்பட்டதைச் சூளவம்சம் கசப்போடு பதிந்து வைத்திருக்கிறது. கல்கி தமக்கு வேண்டிய ஓர் இளவரசரைப் படைத்துக்கொண்டார். அதற்காக நாம் எவரும் அவர்மீது வழக்குப் போடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணிரத்னத்தின்மீது இன்று நாம் கொள்ளும் ஏமாற்றத்தை 1954 இல் வாசகர்கள் கல்கியின்மீதே கொண்டார்கள். கதையை உரியபடி முடிக்கவில்லை என்ற முறைப்பாடுகள் குவிந்தமையால், அவர் தனியாக ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று விளக்க நேர்ந்தது.

இவ்வளவையும் மருமகளுக்குச் சொன்னேன். அவள் மசியவில்லை. "அப்ப எதையும் எப்பிடியும் மாத்தலாமோ மாமா?" என்று கேட்டாள். அதற்கு விடையாக நான் சொன்னது என் தாயாரின் கதை. அதையே இங்கும் எழுதுகிறேன்.

அம்மா கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர். 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. தாத்தா வாராவாரம் இதழை வாங்கிவருவாராம். கூடத்தில் அவர் உரத்து வாசிக்க, அயல்வீட்டுப் பெண்கள் சுளகும் அரிசியுமாக வந்திருந்து கேட்பார்களாம். அத்தியாயங்களைக் கிழித்தெடுத்து, மணியத்தின் சித்திரங்களோடு ஐந்து தொகுதிகளாகக் கட்டுவித்து, கலியாணமாகி வெள்ளவத்தைக்கு வந்தபோது சீதனத்தோடு சீதனமாக அவற்றையும் அம்மா கொண்டுவந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில், அந்த ஐந்து தொகுதிகளையும் இரவல் கேட்டு எங்கள் ஒழுங்கையிலிருந்து பலர் வந்ததாகச் சொல்வார். நானோ துப்பறியும் கதைகளில் மூழ்கியிருந்தேன். எங்கள் வீட்டுப் புத்தகந்தானே, பிறகு வாசிக்கலாம் என்றிருந்தேன்.

1983 ஜூலையில் வீட்டோடு அவையும் எரிந்தன.

எனக்கு அப்போது பதினான்கு வயது. பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோருடன் தங்கியிருந்தோம். வெளியே இரைச்சல் கேட்டாலே பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இரவு, அம்மா தங்கையை மடியில் வைத்தபடி கதை சொல்ல ஆரம்பித்தார். ஏரிக்கரை, குதிரை, ஆடிப்பெருக்கு. சுற்றிலும் பிள்ளைகள் கூடினார்கள். மறுநாள் இரவு பெரியவர்களும் வந்து குந்தினார்கள். காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறும்வரை அந்தக் கதை தொடர்ந்தது. புத்தகம் கையில் இல்லை. நினைவிலிருந்தே சொன்னார். கோடிக்கரையிலிருந்து பூங்குழலி தனியே படகு வலித்து இலங்கைக்கு வரும் இடத்தை இரண்டு இரவுகள் சொன்னார்.

ஏழெட்டு வருடங்கள் கழித்துப் பல்கலைக்கழக நூலகத்தில் நாவலை முதன்முறையாக வாசித்தேன். கடைசி அத்தியாயத்தில் திகைத்துப்போனேன். கல்கியின் மணிமேகலை இறந்துவிடுகிறாள். வந்தியத்தேவனைக் காப்பதற்காகக் கொலைப்பழியைத் தன் தலையில் ஏற்று, சித்தங் கலங்கி, அவன் மடியிலேயே உயிர்விடுகிறாள். அம்மாவின் மணிமேகலையோ சுகமாகி, கடம்பூருக்குத் திரும்பி, யாழ் வாசித்துக்கொண்டு வாழ்ந்தாள். விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் கேட்டேன்: "என்னம்மா, பிழையாகச் சொல்லியிருக்கிறீங்கள்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்டைக்கு அந்தப் பிள்ளையளுக்கு முன்னால இன்னுமொரு சாவைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை" என்றார்.

அன்றிலிருந்து ஒரு கதையை ஒருவர் மாற்றினால், ஏன் மாற்றினீர் என்று அதட்டுவதற்கு முன்னர், யாருக்காக மாற்றினீர் என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.

அந்தக் கேள்வியை இந்தப் படத்திடம் கேட்டால் பதில் திருப்தியாக இல்லை. கல்கியின் முடிவில் தஞ்சையில் பூந்தோட்டம் வைத்துப் பூக்கட்டிக் கொடுக்கும் சேந்தன் அமுதன்தான் உண்மையான அரச வாரிசு என்று வெளிப்படுகிறது. அருள்மொழிவர்மர் தமக்கென்று வந்த மணிமுடியை அவன் தலையில் சூட்டுகிறார். படகுகாரப் பெண் பூங்குழலி சோழநாட்டு அரசியாகிறாள். 'தியாக சிகரம்' என்ற பெயருக்குப் பொருளே அங்குதான் கிடைக்கிறது. படத்தில் அருள்மொழி முடியைத் துறக்கிறார், உண்மை. ஆனால் அரண்மனையிலே வளர்ந்து அதற்காகச் சதிசெய்த மதுராந்தகனுக்கே அது போய்ச் சேருகிறது. முடி அரண்மனை வாசலைத் தாண்டவேயில்லை. பூக்கட்டுபவனும் ஓடக்காரியும் சிறு உதவிகள் செய்துவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். மணிமேகலைக்கு அந்த ஓரமும் இல்லை. அவள் அரசியல் தெரியாதவள், சூழ்ச்சி அறியாதவள். பெரியவர்களின் பகையில் குற்றமற்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதற்குக் கல்கி வைத்த சாட்சி அவள். நேரத்தை மிச்சம் பிடிக்கவே அவளை எடுத்துவிட்டார்கள் என்பதே என் ஊகம். போரும் மணிமுடியும் எஞ்சின. சாட்சி போய்விட்டாள்.

குறை சொன்னவன் நிறையும் சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் உழைப்பு இருக்கிறது. நந்தினியும் கரிகாலனும் சந்திக்கும் காட்சியில் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். இலங்கையாகக் காட்டப்பட்டதில் பலவும் தாய்லாந்து என்பது தெரிந்தும் கடலைக் கண்டபோது மனம் நெகிழ்ந்தது. என் நாவல் பைத்தியத்தைப் பரிகசித்து வந்த நண்பர்கள் இருவர், படம் பார்த்த கையோடு புத்தகத்தைத் தேடி என்னிடம் வந்தார்கள். திரைக்கதையில் மணிரத்னத்தோடு பங்கேற்ற இளங்கோ குமரவேல், 1999 இல் இதே நாவலைச் சென்னையில் 'மேஜிக் லேன்டர்ன்' குழுவுக்காக நாடகமாக்கியவர். தெரியாமல் வெட்டினார்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

என் அபிப்பிராயம், இந்த நாவல் வாரந்தோறும் வளர்ந்தது, வாரந்தோறும் வருகின்ற தொலைக்காட்சித் தொடரிலேதான் அதற்கு மூச்சுவிட இடங் கிடைக்கும் என்பது. அறுபது, எழுபது மணித்தியாலம் கொடுக்கத் துணிபவர் ஒருநாள் வருவார். அவரும் மாற்றுவார். மாற்றட்டும். ஆனால் பூந்தோட்டத்தையும் படகையும் கடம்பூர்ப் பெண்ணையும் முதலில் எழுதிக்கொண்டு, மிஞ்சும் நேரத்தில் போர்களை எடுக்கட்டும்.

அம்மா 2016 இல் காலமானார். படத்தை அவர் பார்க்கவில்லை. கதையைக் கேட்டு முடித்த மருமகள் வெகுநேரம் கைப்பேசியைத் தொடாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மம்மா சொன்ன முடிவை நீங்கள் எங்கயாவது எழுதி வச்சிருக்கிறீங்களோ, மாமா?"

எழுதுவதே தொழிலாய் இருந்தும், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. இன்று எழுதி வைத்துவிட்டேன்: மணிமேகலை கடம்பூருக்குத் திரும்பிப் போனாள்.